சொந்த மைதானத்தில் 0–9: பெரிய அணியை அழைத்தது தவறா?

வாசகர் கேள்வி, 19 மே 2025

நேற்று இரவு நம் ஊர் மின்னொளிக் கால்பந்துப் போட்டியின் காலிறுதியில், சென்னையிலிருந்து வந்த அணியிடம் நம் அணி ஒன்பது கோல் வாங்கியது. பதிலுக்கு ஒன்றுகூட அடிக்கவில்லை. மைதானத்தைச் சுற்றி ஊரே நின்று பார்த்தது. எதிரணியில் பாதிப் பேர் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை பெற்றவர்கள். மாதச் சம்பளத்துக்குப் பந்து ஆடுகிறவர்கள். நம் பையன்களோ படகிலும் ஐஸ் கம்பெனியிலும் வேலை செய்துவிட்டு மாலையில் ஆடுகிறவர்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டது போட்டிக் குழு, அவமானப்பட்டது ஊர். இனிமேல் நம் மாவட்டத்து அணிகளை மட்டும் அழைத்தால் போதாதா?

19 மே 2025, இரவு

நான் போட்டிக் குழுவில் இல்லை. இதே மைதானத்தில் பல ஆண்டுகள் பேக், அதாவது பின்வரிசைத் தற்காப்பு, ஆடியவன். இன்றும் எல்லா ஆட்டங்களையும் கோட்டுக்கு அருகில் நின்று பார்க்கிறவன். கேள்வியில் உள்ள வருத்தம் எனக்கும் உண்டு, ஆனால் அதன் முடிவை நான் ஏற்கவில்லை. அந்த அணியை அழைத்தது சரியான செயல் என்பதே என் கருத்து.

முதலில் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்ப்போம். அரைக்கு 35 நிமிடம். இடைவேளையில் 0–2. அந்த இரண்டு கோல்களில் முதலாவது கார்னரிலிருந்து வந்தது. இரண்டாவது நன்றாகக் கட்டி எழுப்பப்பட்ட தாக்குதலின் பலன், அதை எந்த அணியாலும் தடுத்திருக்க முடியாது. முதல் பாதி முழுவதும் நம் பேக்குகள் நால்வரும் ஒரே வரிசையில் நின்றார்கள். நடுக்களத்தில் ஆடிய மூவரும் அவர்களுக்குப் பத்தடி முன்னால் நின்று இடைவெளியை அடைத்தார்கள். எதிரணி பந்தைப் பக்கவாட்டில் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்பியது. அந்த 35 நிமிடத்தை நம் ஊர் அணி ஆடிய மிகச் சிறந்த 35 நிமிடங்களில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன். அதை யாருமே பேசாதது எனக்கு வேதனை தருகிறது.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடத்துக்குப் பிறகு, ஏறத்தாழ பத்து நிமிடத்துக்குள் நான்கு கோல்கள் விழுந்தன. கடைசிப் பகுதியில் இன்னும் மூன்று. ஆக, ஒன்பது கோல் என்பது எழுபது நிமிடமும் சீராக நடந்த ஒன்றன்று. ஒரு குறுகிய நேரத்தில் ஏதோ உடைந்தது. அது என்ன என்பதைப் பேசினால் ஊருக்குப் பயன் உண்டு.

20 மே 2025

டாஸ் வென்ற நம் கேப்டன் காற்று வீசும் திசையில் முதல் பாதியை ஆடத் தேர்ந்ததைச் சிலர் குறை சொல்லியிருக்கிறார்கள். வைகாசியில் இந்தக் கரையில் கச்சான் காற்று எப்படி வீசும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரவிலும் அது அடங்குவதில்லை. முதல் பாதியில் நம் கோல்கீப்பர் உதைத்த பந்து நடுக்கோட்டைத் தாண்டி விழுந்தது. இரண்டாம் பாதியில் அதே உதை நடுக்கோட்டுக்கு முன்பே காற்றில் நின்று, காத்திருந்த எதிரணி ஆட்டக்காரரின் நெஞ்சில் இறங்கியது. நாம் பந்தை வெளியேற்றிய ஒவ்வொரு முறையும் அது உடனே திரும்பி வந்ததற்கு இதுவே காரணம்.

ஆனால் தேர்வைத் தவறு என்று சொல்ல மாட்டேன். பலவீனமான அணி முதலில் காற்றின் துணையோடு ஆடி ஒரு கோலாவது முன்னிலை பெற முயல்வது இயல்பு. களைப்பும் எதிர்க்காற்றும் ஒன்றாகச் சேரும்போது என்ன செய்வது என்பதை யோசித்து வைக்கவில்லை என்பதுதான் குறை. காற்றை எதிர்த்து ஆடும்போது உயரமாக உதைக்கக் கூடாது. அருகில் நிற்கும் பேக்குக்குத் தரையோடு தந்து தொடங்க வேண்டும். நம் மணல் தரையில் அது கடினம், பந்து ஓடாது. ஆயினும் வேறு வழியில்லை.

20 மே 2025, பிற்பகல்

"உலகத்தில் எந்த அணிக்கும் சொந்த மண்ணில் இப்படி நடந்ததில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்திருக்கிறது, இதைவிடப் பெரிதாகவே நடந்திருக்கிறது.

இத்தாலி நாட்டால் நான்கு புறமும் சூழப்பட்ட சான் மரினோ, 61 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள குடியரசு. நம் இராமேஸ்வரம் தீவை விடச் சிறியது. மக்கள்தொகை ஏறத்தாழ 33,000. இராமேஸ்வரம் நகராட்சியின் 2011 கணக்கெடுப்பு எண்ணிக்கையைக்கூட அது எட்டாது. 2006 செப்டம்பர் 6 அன்று, செர்ரவாலே ஊரில் உள்ள அவர்களுடைய தேசிய மைதானத்துக்கு, ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்துக்காக ஜெர்மனி வந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்திருந்த அணி அது. பல்லாக், குளோசே, ஷ்வைன்ஸ்டைகர், போடோல்ஸ்கி என்று எல்லோரும் ஆடினார்கள். இடைவேளையில் 0–6, முடிவில் 0–13. போடோல்ஸ்கி மட்டும் நான்கு கோல். பதின்மூன்றாவது கோல் கடைசி நிமிடப் பெனால்டி. எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள்.

அந்த நாடு அதற்குப் பிறகு பந்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அதே ஜெர்மனியுடன் நூரம்பர்க்கில் ஆடி 0–6 என்று தோற்றார்கள். 2014 நவம்பரில் அதே செர்ரவாலே மைதானத்தில் எஸ்டோனியாவை 0–0 என்று நிறுத்தினார்கள்; தொடர்ச்சியாக 61 தோல்விகளுக்குப் பிறகு கிடைத்த சமநிலை அது. அறுபத்தொரு முறை தோற்றபின் அறுபத்திரண்டாவது ஆட்டத்துக்குப் பூட்ஸ் கட்டிக்கொண்டு இறங்கியவர்களை நினைத்தால், ஒரே ஒரு காலிறுதியை ஊரின் அவமானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

21 மே 2025

ஒரு திருத்தம். பசிபிக் தீவான அமெரிக்க சமோவாவை ஆஸ்திரேலியா 31–0 என்று வென்ற ஆட்டத்தை, தோற்றவர்களின் சொந்த மண்ணில் நடந்ததாக ஒருவர் குறிப்பிட்டிருந்தார். 2001 ஏப்ரல் 11 அன்று அது ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பரில் நடந்தது; ஆர்ச்சி தாம்சன் ஒருவரே 13 கோல் அடித்தார். அங்கே வந்தது அமெரிக்க சமோவாவின் வழக்கமான அணியும் அன்று. அமெரிக்கக் கடவுச்சீட்டு இல்லாத காரணத்தால் அவர்களில் பெரும்பாலோருக்கு ஆடும் தகுதி கிடைக்கவில்லை. பதினைந்து வயதுச் சிறுவர்களையும் இறக்க வேண்டியதாயிற்று. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டால், நாமும் நம் பையன்களை அப்படித்தான் பேசுவோம்.

22 மே 2025

அந்தப் பத்து நிமிடத்துக்குத் திரும்ப வருகிறேன். ஊர்ப் பையன் ஒருவன் கைப்பேசியில் எடுத்த காட்சியை மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். மூன்றாவது கோலுக்குப் பிறகு நம் ஃபார்வர்ட் பந்தை வலையிலிருந்து தானே எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடுகிறார். ரெஃப்ரி விசில் கொடுத்ததும் பந்து பின்னால் வருகிறது. நம் நடுக்களத்தார் இருவர் அதற்குள் முன்னால் ஓடிவிட்டார்கள்; உடனே ஒரு கோல் அடித்துவிட வேண்டும் என்ற தவிப்பு. பின்னால் பந்தை வாங்கியவர் தனியாக நிற்கிறார், எதிரணியின் இருவர் அவரைச் சூழ்கிறார்கள், பந்து போகிறது, கோல். ஐந்தாவதும் ஆறாவதும் ஏறத்தாழ இப்படியே விழுந்தன.

2014 ஜூலை 8, பெலோ ஒரிசோன்டே நகரின் மினெய்ரோ மைதானம், உலகக் கோப்பை அரையிறுதி. பிரேசில் 1, ஜெர்மனி 7. அதை நம் ஊரில் பார்க்காதவர் குறைவு. மஞ்சள் சட்டையோடு விழித்திருந்தவர்கள் பலர். 11ஆம் நிமிடத்தில் ஜெர்மனியின் மூல்லர் அடித்தபின்கூட பிரேசில் நின்றது. 23, 24, 26, 29 ஆகிய நிமிடங்களில் அடுத்தடுத்து நான்கு. அந்த 26ஆம் நிமிடக் கோலைப் பாருங்கள்: பிரேசில் நடுவட்டத்திலிருந்து தொடங்கிய சில நொடிகளில் பெர்னான்டினோவின் காலிலிருந்து குரோஸ் பந்தைப் பறித்து, கெடிராவுடன் கொடுத்து வாங்கி, வலைக்குள் தள்ளினார். 1975 முதல் சொந்த மண்ணில் போட்டி ஆட்டங்களில் தோற்றே அறியாத அணிக்கு நடந்தது அது. நெய்மார் காயத்தால் இல்லை, கேப்டன் தியாகோ சில்வா தடையால் இல்லை. அவர்கள் இருந்திருந்தாலும் அந்த ஆறு நிமிடப் பதற்றம் அடங்கியிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

கோல் விழுந்ததும் அவசரமாகத் தொடங்குவது, அறுந்த கண்ணைக் கட்டாமல் வலையை அடுத்த பாட்டுக்கு, அதாவது அடுத்த மீன்பிடிப்புக்கு, இறக்குவதற்குச் சமம். நம் கடலில் அதை யாரும் செய்வதில்லை. பூட்ஸ் கயிற்றைக் கட்டுங்கள், வரிசை சேரட்டும், தொடங்கியதும் பத்துப் பாஸ் பின்னாலேயே போகட்டும். கூட்டம் கத்தும். கத்தட்டும்.

23 மே 2025

நேற்றைய குறிப்பின் கடைசி வரியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். சொந்த மைதானத்தில் கூட்டம் பலம் என்று சொல்கிறோம். தாக்கும் அணிக்கு அது பலம்தான். தற்காத்து நிற்க வேண்டிய அணிக்கு அதுவே சுமையாகிவிடுகிறது. "முன்னால போ, முன்னால போ" என்று நாம்தான் கத்தினோம். தாய்மாமன் கத்துகிறார், அண்ணன் கத்துகிறார், வீட்டு மாடியிலிருந்து பெண்கள் பார்க்கிறார்கள். பதினெட்டு வயதுப் பையன் பின்னால் நின்று பொறுமையாகப் பாஸ் தருவானா?

2021 மார்ச் 30 அன்று மங்கோலியா ஜப்பானிடம் 0–14 என்று தோற்றது. கணக்குப்படி அது மங்கோலியாவின் சொந்த மைதான ஆட்டம். கொரோனா காரணமாக ஜப்பானின் சிபாவில் நடந்தது. சொந்தக் கூட்டமும் இல்லை, சொந்தத் தரையும் இல்லை. அப்படித் தோற்றவர்களின் தனிமையைவிட நம் பையன்களுக்குக் கிடைத்தது மேல் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அதற்கு நாம் கத்தியதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

23 மே 2025, இரவு

"ஐந்து கோல் ஆனபின் அவர்கள் நிறுத்தியிருக்கலாம், நாக்அவுட் ஆட்டத்தில் கோல் எண்ணிக்கையால் என்ன பயன்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

நான் ஆடிய காலத்தில் திருவாடானைப் பக்கம் ஓர் ஆட்டம். எங்களைவிட எவ்வளவோ தேர்ந்த அணி, நாலு கோல் அடித்தபின் தாக்குவதை நிறுத்திவிட்டு, தங்களுக்குள்ளேயே பந்தைச் சுற்றவிட்டது. ஒவ்வொரு பாஸுக்கும் கூட்டம் எண்ணியது, சிரித்தது. நாங்கள் ஓடி ஓடிப் போனோம், பந்து கிடைக்கவில்லை. கோல் வாங்கியது மறுநாளே மறந்துபோயிற்று. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கடைசி வரை கோலை நோக்கி ஆடுகிறவன் எதிரியை ஆட்டக்காரனாக மதிக்கிறான். சென்னை அணியில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, வித்தை காட்டவில்லை. ஒன்பதாவது கோலுக்கும் முதல் கோலுக்கு ஓடியதைப் போலவே ஓடினார்கள்.

பிரேசிலுடன் இடைவேளையில் 5–0 என்று இருந்தபோது, எதிரணியை இழிவுபடுத்தும்படி எதுவும் செய்யாமல் ஒழுங்காக ஆடுவது என்று ஜெர்மன் அணி முடிவெடுத்ததைப் பின்னர் அதன் பின்வரிசை வீரர் ஹும்மல்ஸ் சொன்னார். அவர்கள் கோல் அடிப்பதை நிறுத்தவில்லை. ஷூர்லே இன்னும் இரண்டு அடித்தார். வேகத்தைக் குறைப்பது வேறு, கேலி செய்வது வேறு.

மறுபுறம், பெரிய அணியே இத்தகைய ஆட்டங்களை வேண்டாம் என்று சொன்னதும் உண்டு. 2016 நவம்பரில் ஜெர்மனி மீண்டும் செர்ரவாலே வந்து 8–0 என்று வென்றது; நாப்ரி தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்தார். ஆட்டம் முடிந்ததும் தாமஸ் மூல்லர், நெருக்கடியான அட்டவணையில் இத்தகைய ஆட்டம் எதற்கு, இதற்கும் தொழில்முறைக் கால்பந்துக்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில் பேசினார். சான் மரினோ ஒலிம்பிக் குழுவின் செய்தித் தொடர்பாளர் ஆலன் காஸ்பெரோனி அதற்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். எங்களைப் போன்ற அணிக்கு எதிராகக்கூட உங்களால் ஒரு கோல் அடிக்க முடியவில்லையே என்பது அதில் ஒரு வரியின் சாரம். மூல்லர் அன்று உண்மையாகவே கோல் அடிக்கவில்லை. அந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அதில் தாழ்வு மனப்பான்மை இல்லை.

26 மே 2025

இதைத் தனியாக எழுதுகிறேன். நம் கோல்கீப்பர் தம்பி ஆட்டம் முடிந்த நாளிலிருந்து மைதானத்துக்கு வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன். அவன் கைநழுவவிட்ட ஒரு பந்தை மட்டும் வெட்டி எடுத்து, சினிமாப் பாட்டைச் சேர்த்து, வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். அதே ஆட்டத்தில் அவன் தடுத்தவற்றை நான் காட்சியைப் பார்த்து எண்ணினேன்: பதினொன்று. அவற்றில் இரண்டு, பாய்ந்து விரல் நுனியால் கம்பத்துக்கு வெளியே தள்ளியவை. அவன் இல்லாவிட்டால் எண்ணிக்கை இருபதைத் தொட்டிருக்கும்.

அமெரிக்க சமோவாவின் கோல்கீப்பர் நிக்கி சலாப்பு, 31 கோல் வாங்கியவர். அந்த எண் பத்து ஆண்டுகள் அவரைத் துரத்தியது. 2011 நவம்பர் 22 அன்று ஆபியா நகரில் டோங்காவை 2–1 என்று வென்றபோது, அது ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டங்களில் அவருடைய நாட்டின் முதல் வெற்றி. கோலில் நின்றவர் அதே சலாப்பு. அவரை அந்தப் பத்து ஆண்டுகளில் விலக்கியிருந்தால் அந்த இரவு அவருக்குக் கிடைத்திருக்காது.

அந்தக் காட்சியை வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். அவனை வீட்டில் போய்ப் பாருங்கள். போகும்போது ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தாலும் சரி.

27 மே 2025

காட்சி பெரிய குழுவிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தவருக்கு நன்றி.

1 ஜூன் 2025

பலத்தில் ஏன் இவ்வளவு வேறுபாடு என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நீளமாகப் பதில் சொல்கிறேன்.

நம் அணியில் விசைப்படகில் போகிறவர்கள் வாரத்தில் மூன்று நாள் கடலில் இருப்பார்கள். மற்ற நாள்களில் நாட்டுப்படகுக்காரர்கள் கடலில் இருப்பார்கள். ஆக, பதினொரு பேரும் ஒன்றாகப் பயிற்சி செய்யும் நாள் என்று ஒன்று இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகுப் பையன்கள் தொடர்ந்து கரையில் இருக்கிறார்கள். அதனால்தான் போட்டியும் மே மாதத்தில் வருகிறது. ஆனால் தடைக்காலத்தில் வருமானம் இல்லை. பலர் படகுப் பழுது வேலைக்கும், கட்டட வேலைக்கும், வெளியூருக்கும் போய்விடுகிறார்கள். நன்றாக ஆடுகிற பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதாகும்போது வளைகுடா நாட்டு விசா வந்துவிடுகிறது. நம் ஊரின் சிறந்த அணி எப்போதும் துபாயிலும் சவூதியிலும் சிதறிக் கிடக்கிறது.

தரையைப் பாருங்கள். ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் உவர் மண். ஓரத்தில் சீமைக்கருவேல முள். பந்து ஓடாது, குதிக்காது, வாரம் ஒன்று பஞ்சர் ஆகும். கோல் வலையை நம் ஆட்களே பழைய நைலான் வலையில் முடைந்து கட்டுகிறார்கள்; அது மட்டும் சென்னையில் இருப்பதைவிட உறுதியானது என்று வந்தவர்களே சொன்னார்கள்.

மீன்பிடித் தொழிலோடு பந்து ஆடியவர்கள் உலகில் இல்லாமலில்லை. வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபரோ தீவுகளில் 1990இல் ஐம்பதாயிரத்துக்கும் குறைவான மக்களே இருந்தார்கள். சொந்த நாட்டில் ஏற்கத்தக்க புல்தரை இல்லாததால், 1990 செப்டம்பர் 12 அன்று தங்கள் முதல் ஐரோப்பியத் தகுதிச் சுற்று ஆட்டத்தைச் சுவீடனின் லாண்ட்ஸ்க்ரோனாவில் ஆடினார்கள். எதிரணி ஆஸ்திரியா, அந்த ஆண்டு உலகக் கோப்பையில் ஆடிவிட்டு வந்த அணி. தோர்கில் நீல்சன் அடித்த ஒரே கோலில் ஃபரோ வென்றது. கோலில் நின்ற யென்ஸ் மார்ட்டின் குனுட்சன் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடு ஆடினார். அதே தகுதிச் சுற்றில் யுகோஸ்லாவியா அவர்களை 7–0 என்று வென்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெற்றியை மட்டும் சொன்னால் கதை அழகாக இருக்கும். அடுத்த வாரமே தோற்கிறவர்களுக்கு அது உதவாது.

8 ஜூன் 2025

கேள்வி கேட்ட வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "உதாரணங்கள் எல்லாம் சரி, சமமானவர்களோடு ஆடினால்தானே வளர முடியும்?" அவர் சொல்வதில் பாதியை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்த 31–0க்குப் பிறகு ஓசியானியக் கூட்டமைப்பு, சிறிய நாடுகள் முதலில் தங்களுக்குள் ஆடும் தொடக்கச் சுற்றைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் 2018இல் நேஷன்ஸ் லீக் வந்தபின் சான் மரினோவுக்கு ஏறத்தாழச் சமமான எதிரிகள் கிடைத்தார்கள். 2004 ஏப்ரலில் லீக்டன்ஸ்டைனை 1–0 என்று வென்றதோடு அவர்களுக்கு வெற்றியே இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 5 அன்று, அதே லீக்டன்ஸ்டைனை அதே 1–0 கணக்கில் வென்றார்கள். நவம்பரில் எதிரணியின் வாடுஸ் நகருக்கே போய் 3–1 என்று வென்று மேல் பிரிவுக்கும் உயர்ந்தார்கள். சமமான ஆட்டங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் ஜெர்மனியுடனும் இங்கிலாந்துடனும் ஆடிய ஆண்டுகளில், பின்வரிசையில் நின்று பொறுப்பது எப்படி என்பதை அவர்கள் கற்றுக்கொள்ளவில்லை என்று யாராவது சொன்னால் நம்புவதற்கில்லை. இரண்டும் வேண்டும்.

இன்னொன்றையும் யாரும் எழுதவில்லை. ஆட்டத்துக்கு மறுநாள் காலை, இரயிலுக்கு நேரம் இருக்கிறது என்று, அந்த அணியின் பயிற்சியாளர் நம் சிறுவர்களைக் கூப்பிட்டுக் கண்மாய்க்கரையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரு பக்கமும் பார்ப்பது, உடம்பைப் பாதி திருப்பி நின்று வாங்குவது. அவ்வளவுதான். "தம்பி, பந்து வந்தப்புறம் யோசிக்காதீங்க, வர்றதுக்கு முன்னாடியே யோசிச்சிருங்க" என்று ஒவ்வொரு பையனிடமும் சொன்னார். இப்போது மாலையில் போய்ப் பாருங்கள், சிறுவர்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். மாவட்ட அணிகளை மட்டும் அழைத்திருந்தால் இது வந்திருக்காது.

16 ஜூன் 2025

நேற்று இரவு ஒன்பதரைக்குத் தொடங்கிய ஆட்டத்தைப் பார்த்தீர்களா? சின்சினாட்டியில், கிளப் உலகக் கோப்பையில், ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் 10, நியூசிலாந்தின் ஆக்லாந்து சிட்டி 0. முசியாலா மாற்று ஆட்டக்காரராக இறங்கி மூன்று அடித்தார். ஆக்லாந்து வீரர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஆடுகிறார்கள். பயர்னுக்காக இரண்டு கோல் அடித்தவர், 2016இல் இத்தகைய ஆட்டம் எதற்கு என்று கேட்ட அதே மூல்லர்.

தடைக்காலம் முடிந்து முதல் பாட்டுக்கான வேலை நடந்துகொண்டிருந்ததால் நம் பையன்களில் பலர் ஐஸ் ஏற்றிக்கொண்டே கைப்பேசியில் பார்த்தார்கள். பத்தாவது கோல் விழுந்தபோது அவர்களில் ஒருவரும் கேலி பேசவில்லை. நடுக்களத்தில் ஆடும் தம்பி மட்டும், "அண்ணே, ஒவ்வொரு தடவையும் அவங்க பாக்ஸை விட்டு வெளியே வர முடியலை, பாத்தீங்களா" என்று சொன்னான். அது சரியான பார்வை.

21 ஜூன் 2025

போர்ச்சுகலின் பென்ஃபிகாவிடமும் ஆக்லாந்து தோல்வி, 0–6. "பாடம் கற்றார்களா?" என்று கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். பத்து ஆறாகியிருக்கிறது. மூன்றாவது ஆட்டம் இன்னும் இருக்கிறது.

25 ஜூன் 2025

நள்ளிரவு கடந்து தொடங்கி, மின்னல் எச்சரிக்கையால் இடையில் நின்று, மறுபடியும் தொடர்ந்த ஆட்டம். ஆக்லாந்து சிட்டி 1, போக்கா ஜூனியர்ஸ் 1. அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற கிளப்புக்கு எதிராக, இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் கார்னர் பந்தைத் தலையால் முட்டிச் சமன் செய்தவர் கிறிஸ்டியன் கிரே. பள்ளியில் உடற்கல்வி கற்பிக்கும் வேலைக்குப் பயிற்சி பெற்று வருபவர். ஆட்டத்தின் பெரும்பகுதி பந்து போக்காவிடம்தான் இருந்தது. ஆக்லாந்து பின்வரிசை கலையவில்லை. கோல் அடித்த பிறகும் முன்னால் ஓடிவிடவில்லை. எனக்கு அந்தக் கோலைவிட அதற்குப் பிறகு வந்த நாற்பது நிமிடம் முக்கியம். நம் முதல் பாதியில் நான் கண்டது அதே ஒழுங்கு. அதை இரண்டாம் பாதிக்கும் நீட்டிக்கும் பயிற்சியும் மூச்சும் நமக்கு வேண்டும்.

இந்தச் சமநிலையால் அந்தப் பத்துக் கோல் அழிந்துவிடாது. அவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே ஊர் திரும்புவார்கள்.

30 ஜூன் 2025

நேற்று மாலை போட்டிக் குழு கூடியது. கேள்வி கேட்ட வாசகரும் வந்திருந்தார், நானும் அழைக்கப்பட்டிருந்தேன். அடுத்த மே மாதம் மாவட்ட அணிகள் முதலில் லீக் முறையில் ஆடும், குறைந்தது மூன்று ஆட்டம் எல்லோருக்கும் கிடைக்கும். அதில் முதலில் வரும் நான்கு அணிகளோடு வெளியூர் அணிகள் சேரும். இது வாசகரின் யோசனை, ஒருவரும் மறுக்கவில்லை. சென்னை அணியை மீண்டும் அழைப்பது என்பது என் யோசனை. சற்று விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது. அவர்கள் நம் ஊர் அணியோடு மோதும்படி அமைந்தால் இடைவேளையில் பயிற்சியாளரைத் தவிர வேறு யாரும் ஆட்டக்காரர்களிடம் பேசக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். கோல்கீப்பர் கையுறைக்கு மூவர் பணம் தர முன்வந்தார்கள்.

அந்த அணியின் பயிற்சியாளரைக் கைப்பேசியில் அழைத்தபோது வருவதாகச் சொன்னார். தொகை எதுவும் கூட்டிக் கேட்கவில்லை. ஆட்டத்துக்கு முன் மூன்று நாள் மாலையில் தரைக்குத் தண்ணீர் அடித்தால் மணல் இறுகிப் பந்து ஓடும், அது உங்கள் பையன்களுக்கும் நல்லது என்று மட்டும் சொன்னார். ஆகவே உச்சிப்புளி, மண்டபம் பக்கத்தில் டேங்கர் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உப்புத் தண்ணீர் வேண்டாம், நல்ல தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு நடை என்ன ஆகும் என்று குழுவிடம் பங்குனிக்குள் சொல்லிவிடுங்கள்.